கேட்கிறவனுக்கும் கடன் உண்டு

பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் ஆனி மாதம் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. அதற்குக் காரணமாகக் கோவைப் பக்கத்தில் சொல்லப்படும் கதை இது. சுந்தரர் பொருள் கேட்டு வருகிறார். கொடுக்க அன்றைக்கு ஈசனிடம் ஒன்றும் இல்லை. அம்மன் பச்சைநாயகியையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி, கூலியாட்களோடு கூலியாளாக நாற்று நடுகிறார். இருக்கும் இடத்தைச் சொல்லாதே என்று நந்தியிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார். நந்தியோ கண்சாடையில் காட்டிக் கொடுத்துவிடுகிறது. கையில் இல்லாதபோது வந்து நிற்பவர் கண்ணில் படாமல் இருக்கத் தோன்றும் மனநிலையைக் கடவுள் மேலேயே ஏற்றிச் சொன்ன ஊர் இது. சுந்தரர் ஒன்றும் கடன் கொடுத்துவிட்டுக் கேட்டு வந்தவர் அல்லர். ஆனாலும் தவணை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு, ‘அப்பா வெளியூரு போயிருக்காருங்க’ என்று பிள்ளையை விட்டுச் சொல்லவைக்கும் வீட்டுக்கு அந்தக் கதை உடனே புரியும். இல்லாமை குற்றமா என்பது அந்த வீட்டின் கேள்வி. கடனைத் தீர்ப்பது அறமென்றால் அந்த அறம் கேட்க வருகிறவரையும் கட்டுமா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி. கட்டும் என்பதே என் முடிவு.

கொங்கு நாட்டில் ஒருவரைப் புகழ வேண்டுமானால் ‘நாணயமான ஆளுங்க’ என்று சொன்னால் போதும். காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல். சோமனூர், பல்லடம் விசைத்தறியும் திருப்பூர்ப் பனியனும் கோவை மோட்டார் பம்பும் வளர்ந்ததில் வங்கிக்குப் பங்கு உண்டென்றால் வாய்ச்சொல்லுக்கும் உண்டு. வாங்கியதைத் தர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. இருந்தும் தராதவருக்காக நான் வாதாடவும் இல்லை. ஆனால் தமிழில் கடன் என்பது கைநீட்டி வாங்கிய பணம் மட்டும்தானா? புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் ஆளுக்கொரு கடன் வகுக்கிறார். அங்கே யாரும் யாரிடமும் பணம் வாங்கவில்லை. இறந்தவருக்குச் செய்வதும் நீத்தார் கடன்தான். தவணை கட்ட வேண்டியவர், அதே நாளில் பிள்ளைக்குச் சோறு போடும் கடனும் தாய்க்கு மருந்து வாங்கும் கடனும் உள்ளவர். ஒரு கடனைக் காட்டி மற்றதையெல்லாம் அழிக்கச் சொல்லும் உரிமை, பணம் கொடுத்தார் என்பதாலேயே ஒருவருக்கு வந்துவிடாது. முறையாகக் கேட்பதும் அளவாகக் கேட்பதும் அவருக்குரிய கடன்.

முறைக்குச் சைவத்திலேயே பழைய சான்று இருக்கிறது. அதுவும் சுந்தரர் கதைதான். புத்தூரில் கல்யாணப் பந்தலுக்குள் முதியவர் ஒருவர் நுழைந்து, ‘நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது’ என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வந்திருப்பவர் சிவன் என்பது பெரியபுராணம் படிக்கிற நமக்குத் தெரியும், பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. மணவீட்டில் வந்து மறிப்பது முறையா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்து நடப்பதைப் பார்க்க வேண்டும். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. முதியவர் மூல ஓலையை எடுத்து வைக்கிறார். பாட்டன் கையால் எழுதிய வேறோர் ஓலையோடு எழுத்தை ஒத்துப் பார்த்த பிறகுதான் அவை தீர்ப்புச் சொல்கிறது. எல்லாம் தன்னுடையது என்று சொல்லத் தகுந்தவர்கூட, தனக்கு வர வேண்டியதைக் கேட்க அவையில் நின்று சான்று காட்டினார். இன்றைக்கு வசூலுக்கு வருகிறவரிடம் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இந்த அபராதம் எதற்கு என்று கேட்டாலே திமிர் என்கிறார்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியைக் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எழுத்தில் போட வேண்டி வந்தது. எழுதாமலே தெரிந்திருக்க வேண்டிய மரியாதை அது.

அளவுக்கு வருவோம். விவிலியத்தில் உபாகமம் 24ஆம் அதிகாரம், கடன் கொடுத்தவர் அடகு வாங்க வீட்டுக்குள் புகாமல் வெளியே நிற்க வேண்டும் என்கிறது. திரிகைக் கல்லை அடகாக வாங்காதே என்றும் தடுக்கிறது, திரிகை போனால் அன்றைய மாவும் போகும் என்பதால். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுக்கச் சொல்கிறது, விட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது என்கிறது. இதெல்லாம் உபதேசம், நடைமுறைக்கு வராது என்பவர்கள் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவைப் பார்க்கட்டும். நீதிமன்றமே தீர்ப்பளித்த கடனுக்குக்கூட உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை, கைத்தொழிலாளியின் கருவி, உழவருக்கு வேண்டிய மாடு, விதைத் தானியம் இவற்றை ஜப்தி செய்ய முடியாது. பணக்கடனுக்காகப் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்கிறது 56ஆம் பிரிவு. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், இருந்தும் ஏமாற்றுகிறவரை விட்டு இல்லாதவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று தீர்ப்பெழுதினார். ஈடாகவே எழுதிக் கொடுத்த பொருளின் கதை வேறு. மற்றபடி, நீதிமன்றம் தொட முடியாத தையல் மிஷினை வசூலுக்கு வந்தவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவாரானால், அதற்குப் பெயர் வசூல் இல்லை, பறிப்பு.

கடனோடு செத்தால் கொடுத்தவர் வீட்டில் மாடாகப் பிறந்து உழைத்துக் கழிக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது எத்தனையோ பேரை நேர்மையாக வைத்திருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வினைக்கணக்கு ஒருபக்கக் கணக்கா? கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு வாங்கிய பின்னும் கேட்பவர் பேரிலும் அது எழுதப்படும் அல்லவா? தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் புண்ணியக் கடமை என்ற தர்ம சாத்திரங்களே, சூதாடியும் குடித்தும் பட்ட கடன் மகனைச் சேராது என்று விலக்கு வைத்தன. அந்தப் புண்ணியக் கடமையை மட்டும் காட்டி மகன், பேரன் மேல் வழக்குப் போடும் உரிமையையும், புதிதாக வாங்கும் கடன்களைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது.

எனக்கு மிகவும் கவலை தருவது மகளிர் குழுக் கடன். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் வீட்டு வாசலில் கூடுகிறார்கள். ஆளுக்கொரு அட்டை, அதில் கட்டம் கட்டமாகத் தேதி, தொகை, கையெழுத்து. பத்துப் பேரில் ஒருவர் டியூ கொண்டுவராவிட்டால் மற்ற ஒன்பது பேரையும் எழுந்து போக விடாமல் உட்கார வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அடுப்பு வேலையை விட்டு வந்த ஒன்பது பேரின் கோபமும் அந்த ஒருவர் மேல் திரும்புகிறது. நேற்றுவரை குழம்பு கொடுத்து வாங்கிய பக்கத்து வீட்டுக்காரரே வசூல்காரர் ஆகிறார். ஈடில்லாக் கடன் என்று அதற்குப் பெயர். உண்மையில் அங்கே ஈடாக வைக்கப்படுவது மானம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டதும் திருப்பூரின் ஏற்றுமதி ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. ஓவர்டைம் குறைந்த தையல்காரப் பெண்ணுக்கு அந்த வரியில் என்ன பங்கு? அட்டையில் காலியாகக் கிடக்கும் கட்டத்தைப் பார்த்து நாணயம் கெட்டவள் என்று எப்படிச் சொல்வது?

‘கொடுத்தவர் என்ன பாவம் செய்தார், இப்படிப் பேசினால் நாளைக்கு ஏழைக்கு யார் கடன் கொடுப்பார்’ என்பது கனமான எதிர்வாதம். கொடுத்தவர்களில் கைம்பெண்ணும் உண்டு, சீட்டுப் பணத்தைக் கைமாற்றாகத் தந்த சித்தப்பாவும் உண்டு. அவர்கள் பணம் திரும்ப வர வேண்டும். அதற்காகத்தான் கட்டக் கூடிய தொகையாகக் கேளுங்கள் என்கிறேன். மாதம் 8,000 கேட்டு, இரண்டு மாதம் வாங்கி, மூன்றாம் மாதம் ஆள் ஊரைவிட்டு ஓடும்படி செய்வதைவிட, மாதம் 2,500 என்று ஒத்துக்கொண்டு மூன்று வருடம் வாங்குவது கொடுத்தவருக்கும் லாபம். திருச்செங்கோட்டில் 1925இல் ஆசிரமம் அமைத்த ராஜாஜி, சென்னை மாகாண முதல்வரானதும் 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். அசலைப் போல இரு மடங்கு கட்டியிருந்தால் அந்தக் கடன் தீர்ந்ததாகவே அது கொண்டது. கடன் கொடுப்பது அதோடு நின்றுவிடவில்லை. இன்று ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. தாண்டிக் கொடுத்தவருக்கு அந்தக் கடன் முறிந்ததில் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது? 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம், நியாயமான வட்டியோடு தொகையை நீதிமன்றத்திலேயே கட்டவும் வழி வைத்திருக்கிறது. 2025இல் கடன் நிறுவனங்களின் வற்புறுத்தல் வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

பேரூர்க் கதையில் ஒளிந்தவர் ஒளிந்தபடியே இருந்துவிடவில்லை. சேற்றிலிருந்து வெளிப்பட்டுத் தில்லையில் ஆடிய ஆட்டத்தைச் சுந்தரருக்குக் காட்டினார் என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் வெளியே வாருங்கள் என்பதுதான். இந்த மாதம் முடியாது என்று தெரிந்த அன்றே, வருமானம் இவ்வளவு, சாப்பாடும் வாடகையும் பள்ளிக்கூடமும் போக மிச்சம் இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கோவை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணம் கிடையாது.