பேருக்காக ஓடலாமா?



ஒரு மனுஷன் பேருக்காகத் தன் சரீரத்தை வருத்தி ஓடலாமா? பாகூர், வில்லியனூர் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நினைப்பீர்கள். நமக்கு மலையே கிடையாது. பாகூர் ஏரிக்கரைதான் நம்முடைய உயரம். அதில் ஏறி நின்றால் சுற்றிலும் நெல்லும் கரும்பும்தான். ஆனால் நம்முடைய வாலிபர்களில் ஒருவன் ஆறு மாதமாக விடியற்காலையில் அந்தக் கரையில் ஓடிக்கொண்டிருக்கிறான். செஞ்சிக்குப் போய் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் ஒரே காலையில் ஓடி ஏறி இறங்கி, எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று குறித்துவைக்க வேண்டுமாம். அதற்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்டான்.

மூப்பர் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர், "இந்தச் சரீரம் நமக்குச் சொந்தமில்லையே தம்பி, கெடுத்துக்கலாமா?" என்றார். மற்றவர், "பாபேல்ல கோபுரம் கட்டினவங்களும் பேருக்குத்தானே கட்டினாங்க?" என்றார். இரண்டுமே லேசாகத் தள்ளிவிடக்கூடிய வார்த்தைகள் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஓட்டம் எங்கே பேர்பெற்றது என்று தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தின் வடக்கே ஏரிகள் நிறைந்த ஒரு மலைப்பிரதேசம் உண்டு. அங்கே கெஸ்விக் என்ற சிற்றூரில் விருந்தினர் விடுதி நடத்திவந்த பாப் கிரகாம் என்பவர், 1932ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்கி வந்தார். 23 மணி 39 நிமிஷம். தூரம் 106 கிலோமீட்டர் அளவு; நம் புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் சுமார் 8,200 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டாவை மூன்று முறை ஏறினாலும் அவ்வளவு வராது! காலில் டென்னிஸ் ஷூ. சாப்பாடு ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, பழம், மிட்டாய். 28 வருஷம் அதை ஒருவரும் திரும்பச் செய்யவில்லை.

முதலில் சரீரத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். அதே மலைகளில் ஜாஸ் நெய்லர் என்று ஒரு ஆட்டு மேய்ப்பர் இருந்தார். சிறுவயதிலேயே முதுகில் அடிபட்டு, அறுவை சிகிச்சையும் ஆனவர். அந்த முதுகோடு 1975இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரம் ஓடினார். 2024இல், 88 வயதில்தான் காலமானார். ஆகவே ஓடினால் சரீரம் கெட்டுவிடும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. நம் ஊரில் ஓடாமலே சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! (மூப்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2021 மே 22ஆம் தேதி சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் ஓடினார்கள். மலைமேல் திடீரென்று ஆலங்கட்டியும் உறையும் மழையும் பெருங்காற்றும் அடித்தது. பலர் மெல்லிய சட்டையும் அரைக்கால் சட்டையுமாக இருந்தார்கள்; காற்றுத் தாங்கும் சட்டை கையில் இருக்கவேண்டும் என்று பந்தயம் நடத்தினவர்கள் கட்டாயம் ஆக்கவில்லை. 21 பேர் குளிரிலேயே இறந்துபோனார்கள். இறந்தவர்களில் அந்த நாட்டின் முதல்தரமான ஓட்டக்காரர்களும் உண்டு. அங்கே ஷூ கெமிங் என்ற ஆட்டு மேய்ப்பர் மழைக்கு ஒரு குகை வீட்டில் ஒதுங்கியிருந்தார். தள்ளாடி நின்ற ஓட்டக்காரர்களை உள்ளே கொண்டுவந்து, தீ மூட்டி, ஆறு பேரைப் பிழைக்கவைத்தார். அவர் கையில் மணி பார்க்கிற வேலை இல்லை, ஆடுகளைப் பார்க்கிற வேலைதான் இருந்தது.

இதைப் படித்தபிறகு அந்த வாலிபனைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "தம்பி, கிருஷ்ணகிரி படியில ஒருத்தர் கால் பிசகி உட்கார்ந்துட்டா என்ன பண்ணுவே?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாட்ச்சை நிறுத்திவச்சிட்டு உதவி பண்ணலாமாய்யா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அந்த 42 சிகர ஓட்டத்தில் சாப்பிட உட்கார்ந்தாலும், ஷூ மாற்றினாலும் மணி ஓடிக்கொண்டேதான் இருக்கும். உதவுகிறவனுக்கு அது நஷ்டம்தான். நஷ்டமில்லாமல் உதவ வழியில்லை. எரிகோ பாதையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன ஆசாரியனும் லேவியனும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். சமாரியனுக்குத்தான் தாமதம் ஆகியிருக்கும். ஓட்டக்காரனுடைய சரீரத்தைவிட அவனுடைய கண்ணைப் பற்றித்தான் எனக்குப் பயம். மணியையே பார்த்துப் பழகின கண் பக்கத்தில் விழுந்தவனைப் பார்க்குமா?

இனி பேர். பாபேலைக் கட்டினவர்களில் ஒருவருடைய பேராவது நமக்குத் தெரியுமா? பாப் கிரகாமுக்கோ அந்தச் சுற்றே அவர் பேரில் நிற்கிறது. இத்தனைக்கும், அவர் செய்ததை இன்றைக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செய்து முடித்திருக்கிறார்கள். 1971இல் அதற்கென்று ஒரு சங்கம் உண்டானது. அதில் சேர ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஒருவர் நின்று, "இவர் இங்கே வந்தார்" என்று சாட்சி சொல்லவேண்டும். தனக்குத்தானே சொல்லும் சாட்சி செல்லாது. இந்த இடம் நமக்கு நன்றாகப் புரியும். அந்தச் சாட்சிகள்தான் ராத்திரியில் விளக்குப் பிடித்து, பாறைக்கு நடுவில் வழிகாட்டி, தண்ணீரும் தின்பண்டமும் சுமந்து கூடவே ஓடுகிறார்கள். அவர்கள் பேர் பட்டியலின் தலையில் வராது. அப்படியென்றால் பேருக்காக ஓடுகிறவன் மற்றவர்கள் முதுகில்தானே ஓடுகிறான்? அதை அவன் அறிந்திருக்கிறானா இல்லையா என்பதில்தான் மேட்டிமை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பவுல் ஓட்டக்காரரை உவமையாக எடுத்து எழுதினது கொரிந்தியருக்கு. அந்தப் பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பந்தயம் நடக்கும். ஜெயித்தவனுக்குத் தழையில் கட்டின கிரீடம். வாடிப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் ஓடினார்கள். வாடுகிறதை வாடும் என்று அறிந்து கையில் வைத்திருப்பது ஒரு பாவமா? வாடவே விடமாட்டேன் என்று இறுக்கிப் பிடிக்கும்போதுதான் தொல்லை.

அதற்கும் அந்த மலையிலேயே ஒரு காரியம் நடந்தது. 1982இல் பில்லி பிளாண்ட் என்ற உள்ளூர்க்காரர் அந்த 42 சிகரத்தையும் 13 மணி 53 நிமிஷத்தில் முடித்தார். 36 வருஷம் அதை யாரும் முறியடிக்கவில்லை. 2018 ஜூலை 8ஆம் தேதி ஸ்பெயின் நாட்டு ஓட்டக்காரர் கிலியன் ஜோர்னெட் வந்தார். (ஞாயிற்றுக்கிழமை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.) அந்த ஊர் ஓட்டக்காரர்களே கூட ஓடி அவருக்கு வழிகாட்டினார்கள்; தங்கள் ஊர்க்காரருடைய சாதனை போகப்போகிறது என்று தெரிந்தே காட்டினார்கள். ஜோர்னெட் 12 மணி 52 நிமிஷத்தில் கெஸ்விக் ஊர் நடுவிலிருக்கிற மூட் ஹால் என்ற பழைய கட்டடத்துக்கு ஓடிவந்து சேர்ந்தபோது, எழுபது வயது தாண்டின பில்லி பிளாண்ட் அவரை வரவேற்க அங்கே வந்து நின்றிருந்தார்.