பொய்க் கல்யாணத்தில் பொய் யாருடையது?

காதல் நகைச்சுவைக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. எலியும் பூனையுமான இருவர், வீட்டாரின் வாயை அடைக்கவோ வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவோ காதலர்போல நடிக்கச் சம்மதிப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு நடிப்பு நிஜமாகிவிடும். மேல்நாட்டில் அண்மைக் காலமாக இதே சூத்திரத்துக்குள் இரண்டு ஆண்களையோ இரண்டு பெண்களையோ வைத்து எழுதுகிறார்கள். அந்தக் கதையைக் கண்டியில் நடப்பதாக எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே சிக்கல். இங்கே இரண்டு ஆண்கள் காதலர்போல நடிக்க ஒரு காரணமும் கிடையாது. காதலராகவே இருப்பவர்கள் வெறும் நண்பர்போல நடிக்கத்தான் காரணங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆகவே பொய் உறவு இடம் மாறி, ஆணும் பெண்ணும் மணமேடையில் உட்காரும் உறவாகிவிடுகிறது. 2022இல் வந்த ‘பதாயி தோ’ என்ற இந்திப் படம் அதைத்தான் காட்டியது: ஆணை விரும்பும் ஒரு பொலிஸ்காரரும் பெண்ணை விரும்பும் ஓர் உடற்பயிற்சி ஆசிரியையும், உறவினர் தொல்லை தாங்காமல் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு கல்யாணம் செய்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தலதா மாளிகையின் நிழலில், பஞ்சசீலத்தை நாள்தோறும் ஓதும் ஓர் ஊரில், அப்படிப்பட்ட கல்யாணம் பொய் கூடாது என்ற நான்காவது சீலத்தை மீறுகிறதா? மீறுகிறது என்றால் அந்தப் பொய் யார் கணக்கில் ஏறும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1883இன் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ என்ற பிரிவுகள் பிரித்தானியர் விட்டுப்போனவை. 1995இல் அவற்றைத் திருத்தியபோது நீக்குவதற்குப் பதிலாக, ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று எழுதிப் பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். சமத்துவத்துக்கு இப்படியும் ஓர் இலங்கை வழி உண்டு! ஆள்மாறாட்டத்தைப் பற்றிய 399ஆம் பிரிவோ திருநர்மீது ஏவப்பட்டிருக்கிறது. 2022இல் ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு, செயற்பாட்டாளர் ரோசானா ஃபிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டில் 365ஏ பிரிவு அவருடைய உரிமைகளை மீறுகிறது என்று முடிவு கூறியது. 2023இல், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேம்நாத் தொலவத்த இப்பிரிவுகளைத் திருத்தக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதன் பிறகும் பிரிவுகள் ஏட்டில் அப்படியே இருக்கின்றன. தன் இயல்போடு நடப்பவரை வேடதாரி என்று பிடிக்கவும், உண்மையாகவே வேடம் போடுபவர்களுக்கு விவாகச் சான்றிதழ் கொடுக்கவும் ஒரே அரசால் முடிகிறது.

இனிச் சீலத்துக்கு வருவோம். முசாவாதம் என்ற பொய்யுரை முழுமையாக நான்கு உறுப்புகள் சேர வேண்டும் என்பது தேரவாத மரபு: விஷயம் பொய்யாக இருக்க வேண்டும், ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும், அதற்கான முயற்சி நடக்க வேண்டும், கேட்டவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தம் செய்துகொண்ட இருவருக்குள் இந்த நான்கில் எதுவும் இல்லை. அவர்களுக்கிடையே ஒளிவு மறைவே கிடையாது. விவாகப் பதிவாளரிடமும் பொய் இல்லை. வயது என்ன, முன்பு மணமானவரா, தடுக்கப்பட்ட உறவுமுறையா என்பவைதான் அவருடைய அக்கறை. காதல் இருக்கிறதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. எஞ்சுவது பெற்றோரும் ஊரும். அங்கே நான்கு உறுப்புகளும் சந்தேகமில்லாமல் கூடுகின்றன. கடுமையான பௌத்தர் ஒருவர் இதற்கு மேலும் போவார்: புத்தர் சிறுவன் ராகுலனிடம் விளையாட்டுக்குக்கூடப் பொய் கூடாது என்றாரே, போதிசத்துவர் தம் பிறவிகளில் மற்றச் சீலங்களில் வழுக்கினாலும் பொய் மட்டும் சொன்னதில்லை என்று ஹாரித ஜாதகம் சொல்கிறதே என்பார். இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. வள்ளுவரை அழைத்து, குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவர் கொடுத்த சலுகைக்குள் ஒதுங்குவது தமிழ் வாசகருக்கு எளிது; பௌத்தருக்கு அந்த வாசல் திறந்திருக்கவில்லை. ஆனால் ராகுலனுக்குச் சொன்ன அதே உபதேசம் அந்த இடத்தோடு முடிவதில்லை. கண்ணாடி பார்ப்பதற்கு இருப்பதுபோல, செய்யப்போகும் செயலையும் செய்துகொண்டிருக்கும் செயலையும் செய்துமுடித்த செயலையும் பார், தனக்கோ பிறருக்கோ இருவருக்குமோ துன்பம் தருகிறதா என்று கேள் என்கிறது. அப்படிக் கேட்டால், ஒப்பந்தக்காரர்களின் பொய்யோடு, பொய்யைத் தவிர வேறெதையும் ஏற்காத வீட்டாரின் கெடுபிடியும் கண்ணாடியில் தெரிகிறது. பதில் ஒன்றுதான் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுக் கேட்கிறவர், வாங்கிய பதிலில் பங்காளி.

வேடத்தையும் உண்மையையும் பற்றிக் கண்டிக்கு இதைவிடப் பழைய அனுபவம் இருக்கிறது. 1739இல் கண்டி அரசர் நரேந்திரசிங்கன் இறந்தபோது இளைய மனைவி வழியில் ஒரு மகன் இருந்தும், அரியணை மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்து அரசியின் தம்பிக்குப் போனது. பிரதானிகளுக்குத் தங்களுள் ஒருவரை அரசராக ஏற்க மனமில்லை. நாயக்கருக்கோ ஓர் இராச்சியம் வேண்டியிருந்தது. இருதரப்பிலும் காதல் இல்லாத, இருதரப்புக்கும் வசதியான கல்யாணம் அது. 1747இல் பட்டத்துக்கு வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சைவச் சூழலில் பிறந்த தென்னிந்தியர். அவர்தான் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதை என்ற முழுத் துறவேற்புச் சடங்கை 1753இல் மீட்டெடுக்கத் துணைநின்றார். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் விழாவாக இருந்த எசல பெரஹராவின் முன்னணிக்குத் தலதா வந்ததும் அவர் காலத்தில்தான் என்பர். ஆனால் அந்தப்புரத்தில் அவர் திருநீறு பூசுகிறார் என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. 1760இல் மல்வத்தை விகாரைக்கு அவரை அழைத்து, குழிக்கு மேல் போட்ட ஆசனத்தில் உட்காரவைத்துக் கொல்லச் சதி நடந்தது என்று வரலாறு சொல்கிறது. அதில் சம்பந்தப்பட்டவர்களுள், உபசம்பதைக்காக அரசரோடு சேர்ந்து உழைத்த சரணங்கர சங்கராஜரும் ஒருவர். அரசர் தப்பினார், பிரதானி சமனக்கொடி உயிரிழந்தார், சங்கராஜர் தண்டிக்கப்பட்டுப் பின்னர் மன்னிக்கப்பட்டார். இந்தத் திருப்பத்தை எந்தத் திரைக்கதையாளரும் எழுதத் துணியமாட்டார்.

சதிகாரர் எழுப்பிய கேள்வி நம்முடையதுதான்: இவர் நடிக்கிறாரா, நிஜமா? அரசருடையது அரசியல் கணக்கு, அதைக் கொண்டு தனிமனிதர் வாழ்க்கையை அளக்கலாமா என்று ஒருவர் மறுக்கலாம். கணக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வாதமே அதன்மேல்தான் நிற்கிறது. கணக்கோடு தொடங்கியதால் உபசம்பதை பொய்யாகிவிட்டதா? இன்றும் மல்வத்தை, அஸ்கிரிய பிக்குகளின் பரம்பரை அந்தச் சடங்கிலிருந்துதான் தொடங்குகிறது. திருநீற்றுச் செய்தி உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், பகலில் தலதாவுக்குச் செய்த பணி இரவில் பூசிய நீற்றால் அழியவில்லை. ஒருவரிடம் இரண்டு விசுவாசங்கள் இருந்தன, அவ்வளவுதான். தொடக்கத்தின் நோக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாத குணம் பௌத்தத்திலேயே உண்டு. புத்தரின் தம்பி நந்தன், மணப்பெண்ணை மறக்க முடியாமல் துறவில் தவித்தபோது, தேவலோகக் கன்னியரைப் பெற்றுத்தருவதாகச் சொல்லி அவனைத் தவத்தில் இருத்தினார் புத்தர். சக பிக்குகள் கூலிக்காரன் என்று கேலிசெய்தார்கள். கூலிக்குத் தொடங்கிய தவம் அருகதனாக்கி முடிந்தது. வைணவத்தில் திருமங்கை மன்னன் குமுதவல்லியை மணப்பதற்காகவே வைணவரானார், அவள் விதித்தபடி ஆண்டு முழுவதும் நாளுக்கு 1008 பேருக்கு அன்னமிட்டார், பணம் தீர்ந்ததும் வழிப்பறியில் இறங்கினார். அவரை வழிமறிக்க வைத்துத் தடுத்தாட்கொள்ளப் பெருமாளே மாப்பிள்ளை வேடம் போட்டு வந்தார் என்பது குருபரம்பரைக் கதை. பொய்க் கல்யாண ஊர்வலத்தைக் கடவுள் நடத்தினால் லீலை, பயந்துபோன இருவர் நடத்தினால் பாவம் என்பது என்ன நியாயம்?

இவையெல்லாம் நடித்தது நிஜமான கதைகள், ஒப்பந்தக் கல்யாணத்தில் அந்த இருவருக்குள் ஆசை ஒருநாளும் வரப்போவதில்லையே என்று கேட்டால், கல்யாணத்தின் உட்பொருள் ஆசைதான் என்று யார் சொன்னது என்று திருப்பிக் கேட்பேன். கண்டியின் பழைய வழக்கத்தில் கல்யாணம் என்பது வயலும் வீடும் அடுப்பும் குழந்தையும். மனைவி வீட்டோடு போய்த் தங்கும் பின்ன முறை மாப்பிள்ளை ஒரு கைத்தடியும் தாளிப்பனை ஓலைக் குடையும் தீப்பந்தமும் வாசலில் தயாராக வைத்திருக்க வேண்டும், எந்த நேரமும் வெளியே போகச் சொல்லலாம் என்பது அந்நாட்டார் சொல். சகோதரர் இருவருக்கு ஒரு மனைவி இருந்த வழக்கத்தை ஆங்கிலேயர் 1859இல்தான் தடைசெய்தார்கள். இன்று மலைநாட்டுப் பாரம்பரியம் என்று காட்டப்படும் காதல்-கல்யாணம்-கற்பு மூன்றும் அந்த ஆண்டுக்குப் பிறகு தைத்த சட்டை. நடித்த இருவருக்குள் ஆசை வராவிட்டாலும், காய்ச்சலில் கஞ்சி வைப்பதும், மாமியாரிடம் ஒருவருக்காக ஒருவர் வாதாடுவதும், மற்றவருடைய காதலரைப் பின்கதவால் வரவேற்பதும் வரலாம். பழைய கண்டியர் கணக்கில் அது பாதிக் கல்யாணத்துக்கு மேல்.

மதம் ஒருபால் விருப்பத்தையே வெறுக்கிறது என்ற எதிர்ப்பு இதைவிடப் பலவீனமானது. இல்லறத்தாருக்கான மூன்றாவது சீலத்தை விளக்கும் நூல்கள் தருவது, தாய் தந்தை காவலில் உள்ளவள், பிறன் மனைவி, நிச்சயிக்கப்பட்டவள் என்ற பட்டியல். யாருக்குத் துரோகம் நடக்கிறது என்பதே அதன் அளவுகோல். தம்மபத அட்டகதையில் வரும் சோரேய்யன் கதை இன்னும் துணிச்சலானது. இரண்டு பிள்ளைகளின் தகப்பனான அவன், மகாகச்சானர் என்ற தேரரின் பொன்மேனியைக் கண்டு, இவர் என் மனைவியாக இருக்கக் கூடாதா என்று நினைத்த கணத்தில் பெண்ணாகிவிடுகிறான். தட்சசீலத்தில் மணமாகி, மேலும் இரண்டு பிள்ளை பெறுகிறாள். பிறகு தேரரிடம் மன்னிப்புக் கேட்டு, ஆணாகி, துறவு பூண்டு, கரையேறுகிறான். ஊரார் கேட்டது ஒரே கேள்வி: எந்தப் பிள்ளைகள்மேல் பாசம் அதிகம்? வயிற்றில் சுமந்தவர்கள்மேல் என்பது முதற் பதில். அருகதனான பின் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. கதை முழுவதிலும் தவறாகக் கருதப்படுவது ஒரு மகானைப் பற்றி அப்படி நினைத்தது. பெண்ணாக வாழ்ந்ததற்காகவோ பெண்ணாகப் பெற்றதற்காகவோ ஒரு சுடுசொல் இல்லை. பத்தினித் தெய்வத்தின் சடங்கில் பூசகரான கப்புறாளை சேலையும் நகையும் அணிந்து அவளாகவே நிற்பதை வணங்கும் மக்களுக்கு இது புரியாத விஷயமும் அல்ல.

என் வாதத்தை உண்மையில் தடுமாற வைக்கும் எதிர்ப்பு ஒன்றே ஒன்று: மணமேடையில் இருவருள் ஒருவருக்குத் தெரியாவிட்டால்? இலங்கையில் நடப்பவற்றில் இரகசிய ஒப்பந்தத்தைவிட இதுவே அதிகம் என்று நம்பக் காரணம் இருக்கிறது; ஏனெனில் ஒப்பந்தத்துக்கு அதே நிலையிலுள்ள இன்னொருவரைக் கண்டுபிடிக்க வேண்டும், ஏமாற்றுவதற்குத் தரகர் போதும். இங்கே நான் எந்தச் சலுகையும் கேட்கமாட்டேன். மெய்ப்பொருள் நாயனார் கதையில் முத்தநாதன் அடியார் வேடத்தில் ஏட்டுச்சுவடிக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வருகிறான். வெட்டுண்ட பின்னும் அந்த வேடத்தை மதித்த அரசரைச் சைவம் நாயனாராகக் கொண்டாடுகிறது. அதற்காக முத்தநாதனை யாரும் நல்லவன் என்று சொன்னதில்லை. 2023இல் வந்த ‘காதல் – தி கோர்’ என்ற மலையாளப் படத்தின் நியாயம், கணவனின் வேதனையைச் சொல்லும்போதே விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போகும் மனைவி ஓமனாவின் பக்கம் நின்றதில் இருக்கிறது. சமூகம் அவனை நெருக்கியது உண்மை. அந்த நெருக்கடியை அவன் ஒரு பெண்ணின் ஆயுள்மீது இறக்கி வைத்தான் என்பதும் உண்மை. ஒப்பந்தக் கல்யாணப் பொய்யில் பெரும்பங்கு கேட்டவருடையது, துணையை ஏமாற்றும் பொய்யில் சொன்னவருடையது.

அறிந்தே சேர்ந்த இருவர் அறிந்தே பிரிய நினைக்கும்போதுதான் கண்டி நகரம் தன் முழு நகைச்சுவையையும் காட்டுகிறது. அவர்கள் கண்டியச் சிங்களவராக இருந்து, 1952இன் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ்ப் பதிந்திருந்தால், இருவருக்கும் சம்மதம் என்று கச்சேரியில் மாவட்டப் பதிவாளரிடம் சொல்லிப் பிரியலாம்; அந்தப் பழைய தீப்பந்தமும் கைத்தடியும் சட்ட வடிவில் இன்னும் வாசலில் இருக்கின்றன. அதே தெருவில் வாழும் தமிழருக்கு 1907இன் பொது விவாகச் சட்டம்தான். அதில் பரஸ்பர சம்மதம் ஒரு காரணமே அல்ல. சோரம், வேண்டுமென்றே கைவிட்டது, மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு என்ற மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இருவரும் பேசிவைத்து வழக்காடுவது தெரிந்தால் வழக்குத் தள்ளுபடி. ஆகப் பெற்றோரிடம் பொய் சொன்னவர்கள், உண்மை பேசத் தயாரான நாளில், அந்த உண்மையை மறைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இந்தக் கதையைக் கண்டியில் வைத்துத் தமிழில் எழுதுபவருக்குக் கடைசிக் காட்சியைத் தேடி அலைய வேண்டியதில்லை: ஒருநாளும் சண்டை போட்டிராத கணவனும் மனைவியும், யார் யாரை எந்தத் தேதியில் எப்படிக் கைவிட்டார் என்று, ஒரு சட்டத்தரணியின் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.