அப்பா என்ன பண்றாரு?

ஆள் எடுக்கிற வேலைக்குக் கம்பெனிகள் இன்று வைத்திருக்கும் பெயர் மனிதவள மேலாண்மை. ஆளைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி தருவது, பதவி உயர்த்துவது, வீட்டுக்கு அனுப்புவது எல்லாமே அந்தத் துறையின் கையில்தான். மனிதரை வளம் என்கிறார்கள், சரி. எந்த மனிதரை என்பதுதான் நம் கேள்வி.

சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லியில் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் பேசி, 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சாதியெல்லாம் பார்ப்பதில்லை, தகுதி ஒன்றுதான் என்று சொன்ன அந்த மேலாளர்களில் ஏறக்குறைய எல்லோருமே, நேர்முகத்தில் குடும்பப் பின்னணியைக் கேட்பது முக்கியம் என்றும் சொன்னார்கள். நல்ல குடும்பத்தில்தான் நல்ல பண்பு விளையுமாம்.

இந்தக் கேள்வி நமக்குப் புதுசா என்ன? "எந்த ஊரு?" என்பான். சொன்னால், "ஊர்ல எந்தத் தெரு?" என்பான். அப்பவும் பிடிபடலைன்னா, "அப்பா என்ன பண்றாரு?" டீக்கடை பெஞ்சில் கேட்டால் சாதி விசாரிப்பு. ஏசி அறையில் கேட்டால் மேலாண்மை!

தகுதி என்றால் ஒருவர் தானே உழைத்துச் சேர்த்தது என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இவர்கள்தான். பிறந்த வீட்டை யாரும் உழைத்துச் சேர்ப்பதில்லை. ஆக, வீட்டைக் கேட்கிறவர் தகுதியைத் தானே கைவிட்டுவிடுகிறார். எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறான் என்று பார்க்கத்தான் கேட்கிறோம் என்றால், "கூலி வேலை சார்" என்கிற பிள்ளைக்கு அல்லவா கூடுதல் மதிப்பெண் விழ வேண்டும்? விழுகிறதா?

நேர்முகம் வரை போவதே பெரும்பாடு. அதே 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆய்வு வெளிவந்தது. தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்குக் கிடைத்த வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்குக் கிடைத்தது.

இன்னொரு ஆளெடுப்பும் இருக்கிறது. சாக்கடைக் குழியில் இறக்க ஒப்பந்தக்காரன் ஆள் தேடும்போது அப்பாவைப் பற்றிக் கேட்பதில்லை. எந்தச் சேரிக்குப் போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். 2013இல் சட்டம் வந்த பிறகும் குழியில் சாவு நிற்கவில்லை. மேசைக்கு எந்தப் பிறப்பு குறையோ, அதுவே குழிக்குத் தகுதி. சாதி வேலையை மட்டுமா பிரிக்கிறது, வேலை செய்கிறவர்களையே அல்லவா மேல்கீழாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டது இதைத்தான்.

"இந்த வேலைக்கும் எங்கப்பாவுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று திருப்பிக் கேட்கலாம்தான். ஆனால் வேலையில்லாத பிள்ளையின் தலையில் அந்தத் தைரியத்தையும் சுமத்துவது நியாயமில்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டுப் போராடும் நாம், இந்தக் கேள்விக்குச் சட்டத்தால் தடை வேண்டும் என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.