காலையை மறக்காத மதியம்

போலந்தின் கிராக்கோவ் நகரில் தங்குகிறவர்களை ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் பயணங்கள் நிறைய உண்டு. காலையில், நாஜிகளின் வதைமுகாமாக இருந்த ஆஷ்விட்ஸ் நினைவிடம். மதியத்துக்கு மேல் வியெலிச்கா உப்புச் சுரங்கம். முன்னது நகருக்கு மேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பின்னது தென்கிழக்கே, நகரை ஒட்டினாற்போல. விடியலில் விடுதி வாசலில் வண்டி ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எங்கள் தியானக் குழுவின் நண்பர்கள் சிலருக்காக அந்த நாளின் திட்டத்தை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. நேரங்களைக் குறிப்பதில் சிரமமில்லை. ஆனால் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்ட மண்ணில் நின்றுவிட்டு, அதே நாளில் உப்புப் படிகங்களால் ஆன சரவிளக்குகளின் கீழே நிற்கப் போகிறோம். அதற்கு மனத்தை எப்படித் தயார் செய்வது என்ற கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழிகாட்டி. ஆஷ்விட்ஸுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் பெயர் பதிந்த அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பகலின் பெரும்பகுதியில் நினைவிடத்தின் வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். காதில் கேட்பொறியை மாட்டிக்கொள்வோம். அவர் குரலை உயர்த்தாமல் பேசுவார். நாம் பின்னாலேயே நடப்போம். தனியாக, தன் போக்கில் நடந்தால்தான் மனம் ஆழும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை வந்து சேர்ந்தபோது முகாமில் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 7,000 பேர். அதற்கு முன்பே வேறு முகாம்களுக்கு நடத்திச் செல்லப்பட்டு எப்படியோ பிழைத்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பழைய கைதிகளில் சிலர் அங்கேயே திரும்பிவந்தார்கள். 1947இல் அந்த இடம் நினைவிடமாக நிலைபெற்றது அவர்கள் முயற்சியால்தான். வந்தவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டியதும் அவர்கள்தான். கசிமியெஷ் ஸ்மோலென் என்பவர் 1940இல் கைதியாக அங்கே கொண்டுவரப்பட்டவர். 1955 முதல் 1990 வரை அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தார். 2012இல் அவர் இறந்த நாளும் ஜனவரி 27தான்.

தன்னை அடைத்துவைத்த இடத்துக்குத் தன் விருப்பத்தில் திரும்பிவந்து, முன்பின் தெரியாதவர்களுக்கு அதன் கதவைத் திறந்துவிட்டபடி ஆயுளைக் கழிப்பதைத் தவம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இன்றைக்கு நம் காதில் பேசும் இளம் வழிகாட்டி அவர்கள் தொடங்கிய வரிசையில் நிற்பவர். அவர் பின்னால் வாய் திறக்காமல் நடப்பதையே அன்றைய சாதனையாக வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

கொண்டுபோக வேண்டிய பொருள்களைவிட வீட்டில் விட்டுப்போக வேண்டியவை பற்றித்தான் அதிகம் எழுதினேன். சின்னப் பை போதும், பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். முக்கியமான ஒன்று: ஸ்வஸ்திகம் பொறித்த பதக்கமோ மோதிரமோ துணிப்பையோ அன்றைக்கு யாரிடமும் இருக்கக் கூடாது. கோலத்திலும் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் நாம் மங்கலமாகப் போடும் குறி அது. அங்கே கொன்றவர்களின் கொடியில் இருந்ததும் அந்த வடிவம்தான். நம்முடையது வேறு, அவர்களுடையது வேறு என்று அந்த வாசலில் நின்று யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தாத்தாவை அங்கே இழந்த ஒருவர் பக்கத்தில் நிற்கக்கூடும். நமக்குப் புனிதமான ஒன்றை இன்னொருவரின் துக்கத்துக்காக ஒரு நாள் கழற்றி வைப்பதில் எந்தக் குறையும் வந்துவிடாது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம் என்று நினைவிடமே அறிவுறுத்துகிறது. குழுவில் ஒரு தாய்க்குப் பத்து வயது மகள் இருக்கிறாள். அவர்கள் இருவரும் காலையில் கிராக்கோவிலேயே இருந்துவிட்டு மதியம் சுரங்கத்தில் சேர்ந்துகொள்வார்கள்.

காலைப் பகுதிக்குக் குறைந்தது மூன்றரை மணி நேரம். எதை எல்லாம் பார்ப்போம் என்று பட்டியல் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு இடங்களில் மட்டும் மனத்தை நிறுத்தச் சொல்வேன்.

முதலாவது நான்காம் கட்டடம். வெட்டி எடுக்கப்பட்ட பெண்களின் கூந்தல் ஏறத்தாழ இரண்டு டன், கண்ணாடிக்குப் பின்னே குவிந்துகிடக்கிறது. அங்கே படம் எடுக்கக் கூடாது. காலணிகளையும் பெட்டிகளையும் மூக்குக் கண்ணாடிகளையும் வல்லுநர்கள் ஒவ்வொன்றாகப் பதப்படுத்திக் காக்கிறார்கள். கூந்தலை மட்டும் தொடுவதில்லை. அது மனித உடலின் பகுதி, பொருளல்ல என்பது அவர்கள் நிலை. அது மெல்ல நரைத்து, நொறுங்கி, தன் வழியில் மண்ணாகப் போகும்.

இரண்டாவது பதினோராம் கட்டடத்தின் நிலவறை. 1941 ஜூலை இறுதியில் ஒரு கைதி தப்பிவிட்டதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவரான ஃபிரான்சிஷெக் கயோவ்னிச்செக், மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து வாய்விட்டு அழுதார். வரிசையில் நின்ற மாக்சிமிலியன் கோல்பே என்ற பிரான்சிஸ்கன் துறவி முன்னால் வந்து, அவருக்குப் பதிலாகத் தான் போவதாகச் சொன்னார். இரண்டு வாரங்களுக்குப் பிறகும் உயிர் போகாததால், ஆகஸ்ட் 14 அன்று நச்சு ஊசி போட்டுக் கொன்றார்கள். 1982இல் போப் இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தபோது கயோவ்னிச்செக் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

கோல்பேயைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குக் கயோவ்னிச்செக்கின் நினைவுதான் விலகுவதில்லை. போர் முடிந்து அவர் மனைவியிடம் திரும்பினார். எந்தப் பிள்ளைகளுக்காக அழுதாரோ அந்த மகன்கள் போரில் இறந்துபோயிருந்தார்கள். அதன் பிறகும் 1995 வரை வாழ்ந்தார். தனக்காக இன்னொருவர் கொடுத்த உயிரைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு காலையும் எழுவதற்கு எவ்வளவு பணிவு தேவைப்பட்டிருக்கும்! அந்த மனிதர் யார், அவர் என்ன செய்தார் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதையே தன் கடனாக வைத்துக்கொண்டார். 2016இல் போப் பிரான்சிஸ் அந்த அறையில் இருட்டில் தனியாக உட்கார்ந்து பிரார்த்தித்தார். அன்று முகாமில் அவர் உரை எதுவும் ஆற்றவில்லை. நாமும் அந்த வாசலைக் கடக்கிற சில நொடிகளுக்கு நாமஜபத்தைக்கூட நிறுத்திவிட்டு வெறுமனே நிற்கலாம்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் பிர்கெனாவ். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி. மரக் கொட்டகைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. அவற்றின் புகைபோக்கிகள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கின்றன. நடுவே தண்டவாளம். 1944 மே முதல் இரண்டு மாதங்களுக்குள் ஹங்கேரியிலிருந்து மட்டும் நான்கு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் இந்த வழியே கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் அன்றைக்கே கொல்லப்பட்டார்கள். மாராமரோஷ் வட்டாரத்தின் சிகெத் என்ற சிற்றூரிலிருந்து வந்த 15 வயதுப் பையன் எலி வீசல் இங்கேதான் தாயையும் தங்கையையும் கடைசியாகப் பார்த்தான். மாராமரோஷ் என்ற அந்தப் பெயரை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மதியம் அது மறுபடி வரும்.

எரித்த சாம்பலைக் கொட்டிய குளங்கள் அங்கே இருக்கின்றன. அருகே கறுப்புக் கற்கள். நம் வீடுகளில் தர்ப்பணம் செய்யும்போது, தங்களுக்கென்று யாருமில்லாமல் போனவர்களுக்காகவும் கடைசியில் ஒரு கை எள்ளுந் தண்ணீரும் விடுவார்கள். குடும்பத்தோடு அழிந்தவர்களுக்குத் திதி கொடுக்க யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம் அந்தக் கரையில் நமக்கு வரத்தான் செய்யும். ஆனாலும் அங்கே எந்தச் சடங்கும் வேண்டாம். இறந்தவர்களுக்கு அவர்களுடைய பிரார்த்தனை இருக்கிறது. அதைச் சொல்ல அவர்கள் இனத்தார் உலகெங்கும் இருந்து வருகிறார்கள். நம் பங்கை நம் ஊர் ஆற்றங்கரையில், அடுத்த அமாவாசையன்று செய்யலாம்.

இனி, நடுவில் வரும் பயணம். நினைவிடத்திலிருந்து சுரங்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல வண்டிகளில் இந்த நேரத்தில்தான் பொட்டலச் சாப்பாடு கொடுப்பார்கள். பாட்டுப் போட வேண்டாம், ஒளிபரப்பும் வேண்டாம் என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே சொல்லிவிட்டேன். சாப்பிட முடியாதவர்களை வற்புறுத்தவும் கூடாது. கைதிக்கு மாலையில் கிடைத்தது ஏறத்தாழ 300 கிராம் கறுப்பு ரொட்டி, அதைத்தான் மறுநாள் காலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டுவிட்டு வந்து கையில் ரொட்டியைப் பிடிக்கிறபோது, எத்தனையோ வருடம் சாப்பிடுமுன் சொல்லிவந்த மந்திரம் வேறு மாதிரிக் கேட்கலாம்.

சுரங்கத்தைக் காலையின் துக்கத்துக்கு மருந்தாக நினைத்துப் போகக் கூடாது என்பதுதான் இந்தத் திட்டத்தில் நான் பிடிவாதமாக நின்ற இடம். அழகானதைக் கொடுத்து வலியை ஆற்றிவிடலாம் என்று பயண ஏற்பாட்டாளர்கள் நல்லெண்ணத்தோடுதான் இப்படி அடுக்குகிறார்கள். மனமும் ஆறுதலை எட்டிப் பிடிக்கத் தவித்துக்கொண்டிருக்கும். அப்படி ஆறிப்போனால் காலையில் வழிகாட்டி சொன்னதெல்லாம் ஒரு கதையாகிவிடும். காலையையும் சுமந்துகொண்டே கீழே இறங்க முடியாதென்றால் சுரங்கத்தை வேறொரு நாளைக்குத் தள்ளிவைப்பதே சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் எழுதியிருக்கிறேன்.

இறங்குகிறவர்களுக்கு முதலில் 380 மரப்படிகள். இங்கேயும் வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. சுரங்கத் தொழிலாளிகள் ஒருவரையொருவர் பார்த்ததும் 'கடவுள் அருளட்டும்' என்ற பொருளில்தான் வணக்கம் சொல்வார்கள். மேலே திரும்பி வருவோமா என்பது யாருக்கும் தெரியாத தொழில். கூரையோரம் தேங்கும் மீத்தேன் வாயு வெடிக்குமுன் அதை எரித்துவிட, ஈர உடையோடு தரையில் ஊர்ந்தபடி நீண்ட கழியின் நுனியில் தீப்பந்தத்தை நீட்டியவர்கள் இருந்தார்கள். பின்னால் வருகிறவர்கள் மூச்சுவிட வேண்டுமென்று முன்னால் ஊர்ந்தவர்கள் அவர்கள்.

இந்தச் சுரங்கத்தின் தொன்மக் கதை மாராமரோஷில் தொடங்குகிறது. ஹங்கேரி மன்னர் நான்காம் பேலாவின் மகள் கிங்கா, 1239இல் போலந்து இளவரசர் போலெஸ்வாவுக்கு மனைவியாக வந்தவர். பொன்னும் மணியும் கேட்காமல், தன் புது நாட்டு மக்களுக்காக உப்பைச் சீதனமாகக் கேட்டாராம். மாராமரோஷின் உப்புச் சுரங்கம் ஒன்றில் தன் நிச்சயதார்த்த மோதிரத்தைப் போட்டுவிட்டு வந்தாராம். இங்கே தோண்டச் சொன்னபோது கிடைத்த முதல் உப்புக் கட்டிக்குள் அந்த மோதிரம் இருந்ததாம். கதைதான். ஆனால் மோதிரம் பயணப்பட்டதாகச் சொல்லும் அதே நிலப்பரப்பிலிருந்துதான் 700 ஆண்டுகள் கழித்து அந்த ரயில்களும் புறப்பட்டன. ஒரு வழி உப்பைக் கொண்டுவந்ததாக மக்கள் நம்பினார்கள். இன்னொரு வழியில் வந்தவர்களைக் காலையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

அதோடு முடியவில்லை. 1944இல் ஜெர்மானியர்கள் இந்தச் சுரங்கத்துக்குள் போர்த் தளவாட ஆலை ஒன்றை அமைக்க முயன்றார்கள். அந்த வேலைக்காக ப்வாஷோவ், மியெலெட்ஸ் முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கான யூதக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். சோவியத் படை நெருங்கியதால் ஆலை ஓடாமலே போயிற்று. கைதிகளை வேறு முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். சுற்றுலா நடக்கிற இந்த உப்புச் சுவர்களுக்குள் அவர்களும் இருந்தார்கள் என்று தெரிந்தபின், மதியம் தனி நாளாக இருக்க முடியாது.

101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்காவின் ஆலயம். 54 மீட்டர் நீளம். தரை, பீடம், சுவர்ச் சிற்பங்கள் எல்லாமே உப்பு. 1896இல் யோசெஃப் மார்க்கோவ்ஸ்கி செதுக்கத் தொடங்கினார். அவர் தம்பி தோமாஷ் தொடர்ந்தார். பிறகு அந்தோனி விரோடெக். மூவரும் சுரங்கத் தொழிலாளிகள். ஏறத்தாழ எழுபது ஆண்டு வேலை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். உப்பெடுத்தவர்களின் கையையும் அங்கே நினைக்கலாம். ஆனால் என்னைக் கேட்டால், கூட்டம் நின்று படமெடுக்கும் இந்த ஆலயத்தைவிட, அதற்கு முன்பே வழியில் வரும் புனித அந்தோனியாரின் சிற்றாலயத்தில் கூடுதலாக நிற்பேன். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. மேலிருந்து வந்த ஈரக் காற்றில் சிற்பங்களின் மூக்கும் விரலும் கரைந்து, முகங்கள் மழுங்கிவிட்டன. அந்த முகமற்றவர்களின் முன்னாலும் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக மண்டியிட்டிருக்கிறார்கள். காலையில் கண்ணாடிக்குப் பின்னே நரைத்துக்கொண்டிருந்த கூந்தலை நினைத்தபடி அங்கே ஒரு பிரார்த்தனை சொல்லிக்கொள்ளத் தடையில்லை.

முழுச் சுற்றுக்கும் 800 படிகளாவது வரும், முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். கோடையிலும் உள்ளே குளிரும். ஒரு சால்வை போதும். திரும்பி மேலே வர மின்தூக்கி உண்டு.

இரவுக்கு நாடகமோ இசை நிகழ்ச்சியோ பதிவு செய்யவில்லை. விடுதியில் ஓர் அறையைப் பத்து மணி வரை நமக்கென்று கேட்டு வைத்திருக்கிறேன். பேச விரும்புகிறவர்கள் வரலாம், பேசாமல் உட்கார விரும்புகிறவர்களும் வரலாம். மறுநாள் காலை யாரும் எங்கும் போக வேண்டியதில்லை.