பெண்ணுக்குப் பெண்ணே எதிரியா?

‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்னும் கூற்றைக் கேளாதவர் நம்மிடையே இரார். மாமியார் மருமகள் பூசலைச் சுற்றி வழங்கிய அப்பேச்சு, பெண்கள் வேலைக்குச் செல்லத் தொடங்கியதும் வேலையிடத்திற்கும் உடன் சென்றுவிட்டது. நான்கு பெண்கள் கூடினால் புறணிதான் நடக்கும், வேலை நடக்காது என்கிறார்கள். பெண்ணை மேற்பார்வைக்கு வைத்தால் மற்றப் பெண்கள் மதிக்கமாட்டார்கள் என்கிறார்கள். இவற்றை ஆண்கள் சொல்வதில் வியப்பில்லை. பெண்களே சொல்லக் கேட்கும்போதுதான் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டியதாகிறது.

இக்கூற்றை உரசிப் பார்க்கக் கோவில்பட்டி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. வானம் பார்த்த இக்கரிசல் பூமியில் களையெடுப்பும் பருத்தி எடுப்பும் பெண்கள் கூட்டமாகச் செய்துவந்த வேலைகள். மழை பொய்த்த ஆண்டுகளில் எண்ணற்ற குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது தீப்பெட்டி ஆபீஸ். (தொழிற்சாலை என்று எழுதினால் நம் மக்களுக்கே அது வேறெதுவோ போலத் தோன்றும்!) இயந்திரங்கள் வந்தபின் கைவேலை பெரிதும் குறைந்துவிட்டது, ஆயினும் இத்தொழிலில் பெண்களே இன்றும் பெரும்பான்மையினர்.

அங்கே சண்டை இல்லையா? உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சண்டை எங்கிருந்து எழுகிறது? குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் பெண்ணுக்குக் கூலி நாட்கணக்கில் அன்று, அடுக்கி முடித்த சட்டங்களின் கணக்கில். குச்சி நேராக இருந்தால் கை விரையும். வளைந்தும் முறிந்தும் இருந்தால் அதே நேரத்திற்கு வருமானம் குறையும். எவருக்கு எந்தக் குச்சி என்பதைப் பக்கத்தில் அமர்ந்திருப்பவள் தீர்மானிப்பதில்லை. என்றாலும் ஆத்திரம் அவள்மீதே பாய்கிறது. கணக்குப்பிள்ளைமீது பாய்ந்தால் மறுநாள் வேலை இராது என்பது எல்லாருக்கும் தெரியும். கூலி முறையை வகுத்தவர் ஒருவர், சண்டைக்காரி என்று பெயர் வாங்குகிறவள் வேறொருத்தி. ‘பெண்புத்தி’ என்று சொல்லிவிட்டால் கூலியைப் பற்றிப் பேசவேண்டிய தேவை எழுவதேயில்லை.

படித்தவர்கள் இதையே வேறு சொல்லால் சொன்னார்கள். 1974இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் ‘ராணித் தேனீ’ என்று ஒரு பெயர் சூட்டினர். ஆண்கள் நிறைந்த துறையில் உயர்ந்துவிட்ட பெண், தனக்குப் பின்வரும் பெண்களைக் கைதூக்கிவிட மாட்டாள் என்பது அதன் பொருள். நெதர்லாந்து உளவியலாளர்களான பெல்லே டெர்க்ஸ், நவோமி எல்லமர்ஸ் முதலியோர் பின்னர் இதை ஆழ்ந்து ஆராய்ந்தனர். பெண்ணைத் தாழ்வாக நடத்தும் இடத்தில்தான் சில பெண்கள், ‘நான் மற்றவளைப் போன்றவள் அல்லள்’ என்று விலகி நிற்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்நாட்டில் வாழும் இந்திய வம்சாவளித் தொழிலாளர்களிடமும் இதே விலகலைக் கண்டனர். ஆகவே அது பெண்ணின் பிறவிக்குணம் அன்று. சிறுமைப்படுத்தப்பட்டவர் தப்பித்துக்கொள்ளத் தேடும் வழி.

அதே 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததையும் நினைவுகூர்வோம். கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். தொழிற்சங்கத் தலைவர்களான ஆண்களை அருகே வரவிடாமல், ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தாங்களே நின்றனர். ஒன்பது நாட்களில் கேட்டதைப் பெற்றனர். பின்னர் அவ்வமைப்பின் தலைவியரிடையே பிணக்கு எழுந்தது, சிலர் பிரிந்து போயினர். உடனே, “பார்த்தீர்களா, பெண்கள் அல்லவா!” என்றனர் பலர். 1949இல் திராவிடர் கழகம் பிரிந்தது, 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தது, 1972இல் தி.மு.க.விலிருந்து அ.தி.மு.க. பிறந்தது. ஆண்கள் சேர்ந்து உழைக்கத் தகுதியற்றவர்கள் என்று அப்போது யாரேனும் எழுதினார்களா? கொள்கை என்றார்கள், தலைமை என்றார்கள், காரணம் தேடினார்கள்.

திருநூலைப் படிப்பதிலும் இந்த ஓரவஞ்சனை உண்டு. மாற்கு காரணமாகப் பவுலும் பர்னபாவும் கடுமையாக வாதிட்டு, ஆளுக்கொரு திசையில் சென்றனர் (திப 15). அதைக் ‘கருத்து வேறுபாடு’ என்று மரியாதையாகச் சொல்கிறோம். பிலிப்பி சபையின் எவோதியாவையும் சிந்திக்கேயையும் மட்டும் சண்டைக்காரிகளுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் அவர்களைப் பற்றிப் பவுல் எழுதுவது வேறு (பிலி 4:2-3). அவர்கள் நற்செய்திக்காகத் தம்மோடு பாடுபட்டவர்கள் என்று சான்று பகர்கிறார். ஒத்த மனத்தவராக இருக்க அவர்களை வேண்டுகிறார். அவர்களுக்குத் துணைசெய்யும்படி தம் உடனுழைப்பாளர் ஒருவரையும் கேட்கிறார். பெண்கள் என்பதால் பிணங்கினர் என்று அவர் எங்கும் எழுதவில்லை.

“பெண்ணை மேற்பார்வைக்கு வைத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை” என்று சொல்வோரும் உள்ளனர். அவர்களிடம் நாம் கேட்க விரும்புவது இதுதான்: மேற்பார்வை என்ற பெயரோடு, குச்சியைப் பங்கிடும் பொறுப்பையும் அவளுக்குக் கொடுத்தீர்களா? விடுப்புக் கேட்டவளுக்கு விடுப்பு அளிக்கவும், கூலிக் கணக்கில் பிழை கண்டால் திருத்தவும் அவளால் முடிந்ததா? அல்லது முதலாளியின் கடுஞ்சொற்களைச் சுமந்துவந்து, நேற்றுவரை தன்னோடு அமர்ந்து அடுக்கியவர்கள் முன் ஒப்பிக்கும் வேலை மட்டுந்தானா அவளுக்குக் கிடைத்தது?