காலம் அப்படி

ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்களின் பட்டியலில் முதல் இரண்டு இடங்கள் மாறுவதேயில்லை. ஒன்று, 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தை நிறைவேற்றிய, 1787-இல் அரசியல் சட்டத்தை எழுதிமுடித்த இண்டிபெண்டன்ஸ் ஹால். இன்னொன்று, அதற்கு எதிர்ப்புறம் இருக்கும் லிபர்ட்டி பெல். வரிசையில் நின்று, பையைச் சோதிக்கக் கொடுத்து, மணியின் விரிசல் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் வந்த வேலை முடிந்தது.

மணி இருக்கும் கூடத்தின் வாசலை ஒட்டியே கூரையில்லாத ஒரு வீடு இருக்கிறது. உண்மையில் அது வீடு அல்ல, வீடு இருந்த இடத்தைச் சுவர்களால் கோடுபோட்டுக் காட்டும் நினைவிடம். ஃபிலடெல்ஃபியா தலைநகரமாக இருந்த 1790-களில் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் இங்கேதான் குடியிருந்தார். 2010-இல் திறந்த இந்த நினைவிடத்தின் சுவரில் ஒன்பது பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர் வீட்டில் அடிமைகளாக இருந்த ஒன்பது பேர்.

இங்கே வந்து நிற்கிறவர்களுக்கு ஒரு சின்னச் சங்கடம் வரும். அதை ஒரே வரியில் தீர்த்துக்கொள்வதும் சுலபம்: "காலம் அப்படிப்பா. அப்ப எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க." நம் தாத்தாக்களைப் பற்றிப் பேசும்போது நாமும் சொல்கிற வரிதான். இதை வெறும் சப்பைக்கட்டு என்று ஒதுக்க முடியாது. இன்றைய வசதியில் உட்கார்ந்துகொண்டு இருநூறு வருடத்துக்கு முந்தைய மனிதரை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா? அந்த இடத்தில் நான் பிறந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ரெண்டும் நல்ல கேள்விகள். ஆனால் இந்த வீட்டின் விஷயத்தில் அவை செல்லுபடியாகவில்லை.

பென்சில்வேனியா 1780-இலேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. வெளிமாநிலத்தார் கூட்டிவரும் அடிமைகள் தொடர்ந்து ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். அட்டர்னி ஜெனரல் எட்மண்ட் ராண்டால்ஃபின் அடிமைகள் அப்படிக் கேட்டும்விட்டார்கள். ராண்டால்ஃபின் எச்சரிக்கை வாஷிங்டனுக்கு எட்டியது. அவர் ஒரு வழி கண்டார். ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். சொந்த ஊரான வர்ஜீனியாவுக்கு அனுப்பலாம், ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்கு ஓர் எட்டு போய்வந்தாலும் போதும். திரும்பி வந்ததும் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். இப்படி அனுப்பிவைப்பதையும் 1788-இல் வந்த ஒரு திருத்தம் தடைசெய்திருந்தது. 1791 ஏப்ரலில் தன் செயலாளர் டோபியாஸ் லியருக்கு எழுதிய கடிதத்தில் வாஷிங்டன் சொல்கிறார்: இதை ஏதாவது சாக்குச் சொல்லிச் செய்யுங்கள், அவர்களுக்கும் தெரியக் கூடாது, ஊருக்கும் தெரியக் கூடாது.

கோடு எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். டைமர் முடிவதற்குள் ரீசெட் செய்கிற ஏற்பாடு. ஒரு விதியைச் சுற்றிக்கொண்டு போகும் வழியை, அந்த விதியைப் புரியாதவன் எழுத முடியாது. விதி எதற்காக இருக்கிறது, அதனால் யாருக்கு என்ன கிடைக்கும், அதை எப்படித் தடுப்பது என்று மூன்றும் தெரிந்தவன்தான் எழுத முடியும். வாஷிங்டனுக்கு மூன்றும் தெரிந்திருந்தது. இன்றைய அளவுகோல் நமக்குத் தேவையே இல்லை, அவர் கையிலிருந்த அளவுகோலே போதும். தப்பில்லை என்று நம்புகிறவர் எதற்காக ஊருக்குச் சாக்குச் சொல்ல வேண்டும்?

'எல்லாரும்' என்ற சொல்லிலும் ஒரு பிழை இருக்கிறது. இதே நகரத்தின் ஜெர்மன்டவுனில் 1688-இலேயே நான்கு பேர் அடிமை முறையை எதிர்த்து மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருகாலத்தில் தானே அடிமைகள் வைத்திருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1790-இல், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, அதை ஒழிக்கக் கோரும் மனுவில் ஒப்பமிட்டுக் காங்கிரஸுக்கு அனுப்பினார்.

அதைவிட முக்கியமாக, ஓனா ஜட்ஜ் இருந்தார். சுவரிலிருக்கும் ஒன்பது பெயர்களில் ஒருவர், வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்குப் பணிப்பெண். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே மாதம் ஒருநாள், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறினார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷையர் போய்ச் சேர்ந்தார். பிடித்துக் கொடுப்பவருக்குப் பத்து டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அரசு அதிகாரிகளைக் கொண்டும் அவரைத் திரும்பக் கொண்டுவர முயன்றார் வாஷிங்டன். நடக்கவில்லை. 1848-இல் வறுமையில்தான் இறந்தார், சட்டத்தின் கண்ணில் அப்போதும் தப்பியோடிய அடிமையாக. அதிபர் வீட்டைவிட்டு வந்ததற்காக வருத்தப்படுகிறீர்களா என்று வயதான காலத்தில் கேட்டபோது, இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார்.

அவரும் அந்தக் காலத்து மனுஷிதான். "காலம் அப்படி" என்று சொல்லும்போது, அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களின் கணக்கிலிருந்து அவரைக் கழித்துவிடுகிறோம். எஜமானர்களை மட்டும் எண்ணி அதற்குக் காலம் என்று பெயர் வைக்கிறோம்.

இதற்காக வாஷிங்டனைப் போலி என்று திட்டிவிட்டு நகர்வதும் அதே அளவு சுலபம். தனக்குச் சொந்தமான அடிமைகளை மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை செய்யச் சொல்லி உயில் எழுதியவரும் அவர்தான். அந்த உயிலும் ஒரு சாட்சியம்தான், அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு.

தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று உண்டு. தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அந்த எண்ணிக்கை வருவதற்குள் நடுவில் ஒரு 'பிரேக்' கொடுத்து, திரும்பப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் வித்தையும் ஊரறிந்தது. ஒப்பந்த வேலையும் அடிமைத்தனமும் ஒன்றல்ல, ஒன்றென்று சொன்னால் ஓனாவுக்கு அநியாயம். ஆனால் டைமர் ஒன்றுதான்.

நம் காலத்தின் தவறு எதுவென்று வருங்காலம்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. எதற்கெல்லாம் சாக்குத் தயாராக வைத்திருக்கிறோம் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.