139க்கும் 140க்கும் நடுவே

“ஸ்வீட் நெறைய சாப்பிட்டியாம்மா?” கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் ஒரு பெண் எதிர்கொள்ளும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பவர்கள், “ரெண்டு உயிரு, நல்லா சாப்பிடு” என்று நேற்றுவரை தட்டை நிறைத்த அதே ஆட்கள்.

நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தடையில்லாமல் போய்ச்சேர உடல் செய்யும் ஏற்பாடு அது. ஈடுகட்டக் கணையம் கூடுதலாக உழைக்க வேண்டும். பரம்பரை, வயது, எடை எனப் பல காரணங்களால் சிலருக்கு அது முடிவதில்லை. இதில் ஒரு துண்டு மைசூர்பாகைக் குற்றவாளியாக்குவது எளிது, அவ்வளவுதான்.

சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னெடுத்த சோதனையில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 140 என்றால் நோய், 139 என்றால் இல்லை. நிரல் எழுதுகிறவர்களுக்குப் பழகிய ‘இஃப்’ வரிதான். ஆனால் உடலில் அப்படி ஒரு வரி கிடையாது. ஒன்பது நாடுகளில் நடந்து 2008இல் வெளியான ஹாப்போ ஆய்வு காட்டியது இதைத்தான்: சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது. பிறகு நிபுணர்கள் கூடிப் பேசி ஒரு கோடு போட்டார்கள். அவர்களுடைய இரண்டு மணி நேர எல்லை 153.

அப்படியென்றால் எல்லாம் சும்மாவா? இல்லை. கோடு மனிதர்கள் போட்டது, ஆபத்து நிஜம். தாயின் குளுக்கோஸ் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. குழந்தை தானே அதிகமாக இன்சுலின் சுரந்து பெருத்துவிடும். பிரசவம் சிக்கலாகலாம். பிறந்த கையோடு குழந்தைக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். அதனால் அளவான சோறு, சாப்பிட்டபின் நடை, குளுக்கோமீட்டர், தேவைப்பட்டால் இன்சுலின் ஊசி. ஊசி போட்டுக்கொள்வது தோல்வியும் அல்ல.

குற்றத்தை ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் எழுந்து போய்விடலாம். பொறுப்பு அப்படியல்ல, பங்கு கேட்கும். அவளுக்கு மட்டும் தனிச்சமையல் வைக்காமல் வீடே தட்டை மாற்றிக்கொள்வது அந்தப் பங்குதான்.

பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும். ஆனால் அவளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அதற்காகத்தான் ஆறு வாரம் கழித்து மறுபடியும் சோதனை செய்யச் சொல்கிறார்கள். அதற்குள் வீட்டின் கண்ணெல்லாம் தொட்டிலுக்குப் போயிருக்கும். பத்து மாதம் அவள் வாயைக் கட்டச் சொன்னோமே, அந்த அக்கறை யாருக்காக? அன்று ரெண்டு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு, “நீ போய் டெஸ்ட் எடுத்துட்டு வா” என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால், அவளுக்காகவும்தான் என்று நம்பலாம்.